வளைவில் ஏன் ‘டக் டக்’?

தாமல் ஏரி நிரம்பி, கலங்கலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த ஒரு மழைக்காலம். நண்பர் ஒருவரின் பழைய ஜிப்சி வண்டியில் ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தோம். சேற்றில் ஏறுவதற்காக நண்பர் முன்சக்கரங்களுக்கும் இயக்கம் கொடுத்தார். நேராகச் சென்றவரை சத்தமில்லை. ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்ததும் முன்சக்கரத்திலிருந்து ‘டக், டக், டக்’ என்று ஒலி எழுந்தது. “ஏதோ கல் சிக்கியிருக்கும்” என்றார் நண்பர். கல் என்றால் நேராகப் போகும்போதும் சத்தம் வரவேண்டாமா?

பெங்களூர் நெடுஞ்சாலையோரப் பட்டறையில் விடை கிடைத்தது. “சி.வி. ஜாயிண்ட் தேஞ்சு போச்சு சார், மாத்தணும்” என்றார் மெக்கானிக். அது என்ன என்று பார்ப்போமா, மாணவர்களே?

தண்டு மடங்கினால் என்ன ஆகும்?

1985இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஜிப்சி நான்கு சக்கரங்களாலும் இயங்கக்கூடிய வண்டி. அதன் முன்சக்கரத்துக்கு இரண்டு வேலைகள். எஞ்சினின் சுழற்சியைப் பெற்று உருளவேண்டும். ஸ்டீயரிங்குக்கு ஏற்பத் திரும்பவும் வேண்டும். சக்கரம் திரும்பும்போது அதைச் சுழற்றும் தண்டும் மடங்கவேண்டும்.

மடங்கும் இணைப்பு ஒன்றை 17ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியவர் இராபர்ட் ஹூக். சுருள்வில் விதியில் நீங்கள் படிக்கும் அதே ஹூக்தான்! லாரியின் அடியில் நீளத் தண்டின் முனைகளில் சிலுவை வடிவில் இருப்பது இவ்வகை இணைப்பே. பட்டறையில் இதை ‘கிராஸ்’ என்பார்கள். ஆனால் இதில் ஒரு குறை உண்டு. அதை ஓர் எளிய சோதனையில் காணலாம்.

அட்டையில் வட்டம் வரைந்து, கடிகார முகம்போல் 12 புள்ளிகள் இடுங்கள். 3, 9 என்ற புள்ளிகளை விரலால் பிடித்து, அட்டையைச் சாய்த்து, ஒரு கண்ணால் நேராகப் பாருங்கள். புள்ளிகளுக்கிடையே 30 டிகிரியாக இருந்த இடைவெளிகள் இப்போது சமமாகத் தெரியவில்லை அல்லவா? 60 டிகிரி சாய்த்தால், 3 முதல் 12 வரையுள்ள மூன்று இடைவெளிகளும் ஏறத்தாழ 16, 25, 49 டிகிரி எனத் தோன்றும்.

கிராஸ் இணைப்பிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு தண்டு சீராகச் சுழன்றாலும், சாய்ந்திருக்கும் மறுதண்டு ஒரு சுற்றுக்குள் இருமுறை விரைந்து, இருமுறை தாமதிக்கிறது. 30 டிகிரி சாய்வில் முதல் தண்டின் வேகம் 100 என்றால், மறுதண்டின் வேகம் 87க்கும் 115க்கும் இடையே ஊசலாடும். லாரித் தண்டின் இருமுனைகளிலும் கிராஸ் இருப்பதால், கோணங்கள் சமமாக இருக்கும்போது ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது நீக்கிவிடும். சக்கரத்தருகே இரண்டுக்கு இடமில்லையே!

கண்ணாடியில் கிடைத்த விடை

1920களில் அமெரிக்கப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஷெப்பா ஓர் அழகான வழி கண்டார். 30 டிகிரி மடங்கிய இரு தண்டுகள் சந்திக்குமிடத்தில், கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் ஒரு கண்ணாடி நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தண்டு மற்றதன் பிம்பம்போல் இருக்கும். அந்தத் தளத்திலுள்ள எந்தப் புள்ளியும் இரு தண்டுகளின் அச்சுகளிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும்.

விசையை அந்தத் தளத்திலுள்ள எஃகுக் குண்டுகள் வழியாகக் கடத்தினால்? குண்டின் வேகம் = தூரம் × கோண வேகம். குண்டு ஒன்றே, ஆகவே வேகம் ஒன்றே. தூரமும் சமம். எனவே இரு தண்டுகளின் கோண வேகங்களும் எப்போதும் சமமாகத்தானே இருக்கவேண்டும்! ஆகையால் இதற்குச் சமவேக இணைப்பு என்று பெயர். உள்வளையம், வெளிக்கிண்ணம், இரண்டிலும் வெட்டிய பள்ளங்களில் ஆறு குண்டுகள், குண்டுகளை அந்தத் தளத்திலேயே நிறுத்தும் ஒரு கூண்டு: இவையே இதன் உறுப்புகள்.

பட்டறையில் கண்டது

மெக்கானிக் சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றி, தண்டோடு இணைப்பை வெளியே இழுத்தார். வந்தது கறுப்பு கிரீஸ் அல்ல. தண்ணீர் கலந்த சாம்பல் நிறக் குழம்பு! ஆயில் சீல் கிழிந்து, ஏரித் தண்ணீரும் மணலும் உள்ளே போயிருந்தன. உள்வளையத்தைச் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பள்ளங்களில் நகம் தட்டும் அளவுக்குக் குழிகள். தேய்ந்த பள்ளத்தில் குண்டு தன் இடத்தில் நிற்பதில்லை. சுமை ஏறியதும் தாவுகிறது. அந்தத் தாவலே ‘டக்’! சக்கரத்தை ஒடிக்கும்போது குண்டுகள் பள்ளத்தில் அதிகமாக நகர்வதால், சத்தமும் அப்போதுதான் கேட்கிறது.

“குண்டை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே?” என்றார் நண்பர். “பள்ளம் பழசாச்சே சார். புதுக் குண்டு நிக்காது” என்றார் மெக்கானிக். அப்படியே விட்டால் ஒருநாள் கூண்டோ கிண்ணமோ உடையும். உடைந்த துண்டு சிக்கிக்கொண்டால் ஸ்டீயரிங்கே திரும்பாமல் போகலாம். கரைச்சரிவில் அது நேர்ந்திருந்தால்? நண்பர் மறுபேச்சுப் பேசவில்லை.

கூட்டைச் சுத்தமாகத் துடைத்து, புது இணைப்பைப் பொருத்தி, மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸை நிறைத்து, புது ஆயில் சீல் போட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் மென்படலங்களாக அமைந்த பொருள் இது. கடும் அழுத்தத்திலும் எஃகு எஃகை உரசாமல் காக்கும்.

முன்சக்கரங்களால் இயங்கும் கார்களிலும் சமவேக இணைப்பு உண்டு. அங்கே சீலுக்குப் பதில் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை இருக்கும். வீட்டிலோ தெருவிலோ அத்தகைய கார் நின்றால், எஞ்சின் அணைந்திருக்கும்போது, பெரியவர் ஒருவர் துணையுடன் சக்கரத்தின் உட்புறம் குனிந்து பாருங்கள். உறையில் விரிசலோ, சுற்றிலும் கிரீஸ் தெறித்த கறையோ தெரிந்தால் உடனே சொல்லிவிடுங்கள். ‘டக் டக்’ கேட்கும்முன் கண்டுபிடித்தால், பெரும்பாலும் உறையையும் கிரீஸையும் மாற்றினாலே போதும்!