யாருடைய யோசனையைக் கேட்பது?

வியாபாரத்தில் முதல் தேடத்தான் அலைய வேண்டும். யோசனை கேட்காமலே நாலு பக்கத்தாலும் வந்து குவியும். அதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் நம்மில் பலர் சறுக்குகிறோம். நானும் சறுக்கப் பார்த்தவன்தான்.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, கடையையும் சரக்கையும் விட்டுவிட்டுப் புத்தளம் வந்தவர்களில் நானும் ஒருவன். சைக்கிளில் கருவாடு விற்று மறுபடி ஒரு முதல் சேர்க்கப் பல வருடங்கள் பிடித்தன. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் தீவுப் பகுதிக் கருவாட்டுக் கொள்வனவைத் திரும்பத் தொடங்கினேன். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகும் எழுவைதீவும் அதில் ஒன்று.

முன்பு அங்கே டீசல் இயந்திர மின்சாரம்தான். 2010களில் இலங்கை மின்சார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் சூரிய ஒளி, காற்றாடி, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் வழங்க ஏற்பாடு செய்தது. உடனே எனக்கு யோசனைகள் வந்தன. “பெரிய குளிரூட்டிகள் போடுங்கள். மலிவாக மீன் வாங்கி வைத்து, விலை ஏறும்போது விற்கலாம்” என்றார், குளிரூட்டி விற்பவர். படித்த மருமகன் கணக்குப் போட்டுத் தந்தார். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.

காசு கட்டப் போகுமுன், எனக்குக் கருவாடு தரும் வயதான கடற்றொழிலாளியிடம் பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன்.

“நானா, கடல் நல்லா இருந்தா மீன் விடியவே ஊர்காவற்றுறைக்குப் போயிடும். சோளகம் உரத்தா வலையும் போகாது, படகும் ஓடாது. உங்களுக்கு வைக்க மீன் எப்ப மிஞ்சும்?”

என்னிடம் பதில் இல்லை. மின்சாரம் இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்த்தோம். மீன் மிஞ்சுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பணம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிலிருந்து அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்றும் நான் நினைக்கவில்லை. கருவாட்டைக் கால் கிலோ பொதிகளாக்கி விற்கலாம் என்று என் கடைப் பையன் சொன்னபோது, “ஆர் வாங்குவினம்?” என்று சிரித்தவரும் அவர்தான். சிறு அளவில் பத்து நாள் விற்றுப் பார்த்தேன். பொதிகள் போய்விட்டன. கடலை அறிந்தவர் கடலைச் சொன்னார். கடை முகப்பில் நிற்பவன் வாடிக்கையாளரைச் சொன்னான்.

யோசனை சொல்பவரிடம் நான் இப்போது மூன்றைப் பார்க்கிறேன். இந்த வேலையை அவர் தன் கையால் செய்திருக்கிறாரா? நான் வாங்கினால் அவருக்கு இலாபம் உண்டா? சொன்னது பிழைத்தால் நட்டம் யாருடைய பையில்? இலாபம் உள்ளவர் சொல்வது பொய்யென்றில்லை. ஆனால் அதை இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல் காசை எடுக்கக் கூடாது.

மஷூரா செய்வது சுன்னத்தான வழி. பலரிடம் கேளுங்கள். முடிவை மட்டும் நீங்களே எடுங்கள். நட்டம் வந்தால், “அவர் சொன்னார், நான் செய்தேன்” என்ற பேச்சைக் கடன்காரர் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.