பஞ்சதன் ரெக்கார்டு இன், கோடம்பாக்கம்

1989-இல் தன் வீட்டுப் பின்புறம் ஏ.ஆர். ரஹ்மான் இந்த ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டியபோது அவருக்கு வயது 22. இளையராஜா குழுவில் கீபோர்டு வாசித்தவர்; ‘நெமசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவிலும் இருந்தவர். அறை தயார், ஏசியும் தரைவிரிப்பும் வந்துவிட்டன. கருவி வாங்கத்தான் பணமில்லை. தாய் கரீமா பேகம் தன் நகைகளைக் கொடுத்தார். முதல் ரெக்கார்டர் வந்தது.

கணவர் ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்தபின், அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தைக் காத்தவர் இவர். இக்கூடத்தை நிறுவியவர் என்று இவரையும் சொல்வதே நியாயம்.

தொடக்கத்தில் விளம்பரப் பாடல்கள். பிறகு இயக்குநர் மணிரத்னம் இங்கு வந்து மெட்டுகளைக் கேட்டார். 1992-இல் ரஹ்மான் இசையில் அவருடைய ‘ரோஜா’ படம் வெளியானது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஊரூராக அதன் கேசட் ஒலித்தது. முதல் படத்துக்கே ரஹ்மான் தேசிய விருது பெற்றார்.