ஒளிநாடாவிலிருந்து கணினிக்கு

சென்ற கோடை விடுமுறையில் நூலக அலமாரியைத் தூசி தட்டும்போது, பழைய பதிவேடுகளுக்குப் பின்னால், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பதினொரு நாடாப் பெட்டிகளைக் கண்டோம். 2003 முதல் 2008 வரை நடந்த ஆண்டு விழாக்கள் அவற்றுள் அடங்கியிருந்தன. காலஞ்சென்ற நம் முன்னாள் தலைமையாசிரியைச் சகோதரியின் கடைசி ஆண்டு விழா உரையும் அவற்றில் ஒன்றில் உண்டென்று அறிந்ததும், அனைத்தையும் கணினியில் சேர்த்துவிடும் ஆவல் எங்களைப் பற்றிக்கொண்டது.

இவை மினி டி.வி. நாடாக்கள். டி.வி. என்றதும் தொலைக்காட்சி என்று எண்ண வேண்டாம்; டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கமே அது. 1995ஆம் ஆண்டு அறிமுகமான இம்முறையில், கால் அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் காட்சியும் ஒலியும் எண்களாகப் பதிகின்றன. வி.எச்.எஸ். நாடாவைப் பிரதியெடுக்க எடுக்கப் படம் மங்கும். இங்கோ எண்களே அப்படியே இடம் பெயர்வதால் மங்கல் என்பதே இல்லை.

முதல் நாள் யு.எஸ்.பி. கம்பியைச் செருகி ஏமாந்தோம். எங்கள் கேமராவில் அது புகைப்படங்களுக்கு மட்டுமே உரியதாம்! வேண்டியது 'ஃபயர்வயர்' கம்பி. சோனி நிறுவனத்தார் இதையே 'ஐ-லிங்க்' என்பர். இன்றைய புதிய கணினிகளில் இதற்குரிய துளை இருப்பதில்லை. மாணவி ஒருத்தியின் தந்தையார் தம் கடைப் பரணிலிருந்து பழைய கணினி ஒன்றை இறக்கித் தந்து உதவினார். கம்பியைச் செருகும்போது கேமரா, கணினி இரண்டையும் அணைத்து வைப்பது நலம். இல்லையேல் மின்சுற்று பழுதாகக்கூடும். நாடாவின் முதுகிலுள்ள சிறு தாழ்ப்பாளை 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டால், கை தவறியும் பதிவு அழியாது.

ஒரு மணி நேர நாடா கணினிக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். விரைவுபடுத்த வழியில்லை, பின்னல் வேலையோடு காத்திருந்தோம். வட்டில் அது ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் பிடிக்கும். எங்கள் வட்டு 'ஃபேட் 32' முறையில் அமைந்திருந்தது. அம்முறை 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காததால், இருபதாவது நிமிடத்தை நெருங்கியதும் பதிவு நின்றுபோயிற்று. 'என்.டி.எஃப்.எஸ்.' முறைக்கு மாற்றிய பிறகே முழு நாடாவும் வந்தது.

பத்து நாடாக்கள் முடிந்தன. சகோதரியின் உரை இருந்த நாடாவோ திரை நிறையச் சதுரம் சதுரமாய்ச் சிதறியது. துப்புரவு நாடாவைச் சில விநாடிகள் ஓட்டிக் கேமராவின் காந்தமுனையைத் துடைத்தும் பயனில்லை. சிலர் அழுதேவிட்டோம். பிறகுதான் காரணம் விளங்கிற்று. 60 நிமிட நாடாவில் 90 நிமிடம் பதியும் 'எல்.பி.' முறையில் அதை எடுத்திருக்கிறார்கள். அம்முறையில் தடங்கள் மிகக் குறுகலாதலால், ஒரு கேமராவில் பதிந்தது மற்றொன்றில் ஒழுங்காக ஓடாமலும் போகும். அன்று படமெடுத்த பெற்றோரைத் தேடிப் பிடித்தோம். நல்லவேளை, கேமராவை அவர் விற்கவில்லை.

அதில் ஓடியது! சுமார் நாற்பது விநாடிகள் மட்டும் மீளவில்லை. உரையின் நடுவே மின்சாரம் போய் ஒலிபெருக்கி ஓய்ந்துவிடுகிறது. சகோதரி மேடையைவிட்டு இறங்கி, கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கருகே வந்து நின்று, மீதியைப் பேசி முடிக்கிறார்.