பேரிஜம்: மீண்டும் பிறந்த ஏரி

கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், பழனிமலைக் காட்டினுள் உள்ளது பேரிஜம் ஏரி. வனத்துறையின் அனுமதி பெற்றே அங்குச் செல்ல இயலும். 1860களில் அம்மலையை ஆராய்ந்த படை அலுவலர் டக்ளஸ் ஹாமில்டன், அப்பள்ளத்தாக்கில் முன்பு பேரேரி ஒன்று இருந்து மறைந்ததற்கான தடயங்களைக் கண்டார். மலைச்சரிவு பெயர்ந்து ஓடையின் குறுக்கே விழ, நீர் தேங்கி ஏரியாயிற்று. பின்னர் அந்நீரே அக்கரையை உடைத்துக்கொண்டு வெளியேறிற்று என்பது அவர் கணிப்பு. இயற்கை இட்ட கரைக்குக் கலிங்கு ஏது? மிகுநீர் வடிய வழியின்மையே கேடாயிற்று போலும். அங்கு மீண்டும் நீரைத் தேக்கலாம் என அவர் பரிந்துரைத்தார். பின்னாளில் மதகுடன் கூடிய அணை எழுந்தது. அவ்வேரி நீரே இன்று மலையடிவாரத்துப் பெரியகுளம் மக்களுக்குக் குடிநீராகிறது.