பனியன் ஊரின் பணக்கணக்கு - 9: முதல் போட்டது யார்?

சனிக்கிழமை வாங்கிய சம்பளம் சீட்டு, மளிகைப் பாக்கி, வாடகை என்று எப்படிக் கரைகிறது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். கூலியில் மிச்சம் பிடித்துக் கம்பெனி வைப்பது ஆகிற காரியமில்லை. பிறகு எப்படி, நேற்றுவரை மிஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள் திருப்பூரில் முதலாளி ஆனார்கள்?

ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட 'ஃப்ரேட்டர்னல் கேப்பிட்டல்' என்ற நூல் இதைத்தான் ஆராய்ந்தது. கவுண்டர் சமூகத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் பாடுபட்டு முன்னேறினார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காடு இருந்தது. மாமன் மச்சான் கைமாற்று இருந்தது. சொந்தக்காரர் கம்பெனியிலிருந்து ஜாப் ஒர்க்கும் வந்தது.

அதே ஆண்டு அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூரைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வெளியிலிருந்து வந்த பிற சமூகத்தார் குறைந்த முதலோடு தொடங்கினாலும், சில ஆண்டுகளில் கவுண்டர் கம்பெனிகளைவிட அதிகமாக ஏற்றுமதி செய்தார்கள் என்று அது காட்டியது. அதாவது, பணம் திறமையைத் தேடிப் போகவில்லை. உறவு இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

அந்த ஆய்வு தலித்துகளைப் பற்றியதல்ல. காடும் இல்லாமல், கைமாற்றுத் தர ஆளும் இல்லாத அருந்ததியர் வீட்டுப் பையனின் நிலை அதைவிடக் கடினம். சுற்றுவட்டார விசைத்தறிக் கூடங்களில் அவனுக்கும் மொத்தமாகப் பணம் கிடைக்கும், முன்பணமாக. அதை அடைக்கும்வரை அந்தத் தறியை விட்டு நகர முடியாது.

இந்த இடைவெளியை அரசு நிரப்ப முடியுமா? அமெரிக்காவின் எவன்ஸ்டன் நகராட்சி 2021-இல், வீட்டு வசதியில் பாகுபாட்டுக்கு ஆளான கறுப்பினக் குடும்பங்களுக்குத் தலா 25,000 டாலர் வழங்க முடிவெடுத்தது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் சமூகத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே பணம் தருகிறது. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 சதவீத மானியம், ஒன்றரைக் கோடி ரூபாய் வரை. கடனுக்கு 6 சதவீத வட்டி மானியம். பத்து லட்சத்துக்கு ஓவர்லாக், பேட்லாக் மிஷின்கள் வாங்கினால் மூன்றரை லட்சம் மானியம். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தில்.

இந்த உதவியில் மாநகராட்சியின் கை நேரடியாகத் தெரிவது நடைபாதை வியாபாரத்தில். அங்கே தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, வட்டியை முன்கூட்டியே பிடித்து ஒன்பதாயிரம் தருவார். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நடைபாதை வியாபாரிகளுக்காக மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த 'ஸ்வநிதி' கடன் திட்டத்தில், தொடக்கத்தில் ஈடில்லாமல் அதே பத்தாயிரம் கிடைத்தது, ஓராண்டுத் தவணையில். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், அடுத்து கூடுதல் கடன். செகண்ட்ஸ் பனியன் விற்பவருக்கு அது புதுச் சரக்கு. ஆனால் வங்கிப் படியேற, வியாபாரி என்ற அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ மாநகராட்சியிடமிருந்து வர வேண்டும். கணக்கெடுப்பில் பெயர் விட்டுப்போனால் மறுபடியும் தண்டல்தான்.

மானியத்தில் மிஷின் வரும்; ஆர்டர் வராது. ஆர்டர் வந்தாலும் பணம் கைக்கு வர வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் முதல் ஆர்டரைக் கொடுத்தவர்மீது யார் புகார் எழுதுவார்கள்?

அதனால் அரசு கடன் கொடுத்தால் மட்டும் போதாது, வாடிக்கையாளராகவும் வர வேண்டும். மத்திய அரசுத் துறைகள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியலின, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012 முதல் கொள்கை இருக்கிறது. திருப்பூர் மாநகராட்சியும் தூய்மைப் பணியாளர் சீருடையிலிருந்து தொடங்கலாம். தைக்கிற ஊரில் தையலுக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

(அடுத்த வாரம்: பில் போட்டும் வராத பணம்)