விண்ணிலிருந்து எண்ணிய சூளைகள்

மழை ஓய்ந்ததும் சிந்து-கங்கைச் சமவெளியெங்கும் செங்கற் சூளைகளில் தீ மூட்டுகின்றனர். நீள்வட்ட அகழியில் பச்சைக் கற்களை அடுக்கி, நிலக்கரி இட்டு, தீயைச் சுற்றிச் சுற்றி நகர்த்திச் செல்வர். நடுவே புகைபோக்கி ஓங்கி நிற்கும். இந்த நீள்வட்டமும் புகைபோக்கியின் நிழலும் செயற்கைக்கோள் படங்களில் தெளிவாகப் பதிகின்றன.

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படங்களில் மாதிரிப் பகுதிகளைத் தேர்ந்து சூளைகளை எண்ணினர். பாகிஸ்தான், வட இந்தியா, நேபாளம், வங்காளதேசம் ஆகியவற்றில் ஏறத்தாழ 55,000 சூளைகள் உள்ளன என 2018-இல் மதிப்பிட்டனர். அவற்றுள் எத்தனையோ எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாதவை. இருப்பதே அறியப்படாத சூளைக்குள் தொழிலாளர் துறை அதிகாரி எவ்வாறு நுழைவார்?

எனினும், படம் காட்டுவது சூளையை மட்டுமே. உள்ளிருப்போரைப் பிணித்த தளை அதில் தெரியாது. அத்தளை கடனால் ஆனது. வேலையற்ற மழை மாதங்களில் தரகர் ஊருக்கு வந்து முன்பணம் தருகிறார். அதனை அடைக்கக் குடும்பமே புறப்படுகிறது. ஒடிசாவின் பலாங்கீர் மக்கள் திருவள்ளூர்ச் சூளைகளுக்கு வருவதும் பெரும்பாலும் இவ்வழியே. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு எனக் கணவன் பெயரில் எழுதப்படும். மனைவியும் மக்களும் சிந்திய வியர்வை கணக்கில் ஏறாது. கடன் தீரும்வரை வெளியேறக் கூடாது எனத் தடுக்கும்போது தொழிலாளி கொத்தடிமையாகிறார். வஞ்சித்தோ வறுமையைப் பயன்படுத்தியோ சுரண்டுவதற்காக ஆள் திரட்டுவது, 2000-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் நெறிமுறைப்படி ஆட்கடத்தலாகும். 2021-இல் உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தனர் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு.

இந்தியாவின் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இத்தகைய கடனை அடியோடு நீக்குகிறது. மீட்கப்பட்டவர்க்கு விடுதலைச் சான்றிதழ் வழங்குவது மாவட்ட நிருவாகத்தின் பொறுப்பு. சட்டத்தின் கையில் இன்று விண்வெளிப் படமும் உண்டு. அதனை ஆய்வுப் பதிவேட்டோடு ஒப்பிட்டால், அதிகாரியின் காலடி படாத சூளைகள் எவையெனப் புலப்படும். அங்குச் சென்று, முதலாளியும் தரகரும் இல்லாத இடத்தில், தொழிலாளரை அவர்தம் மொழியிலேயே வினவ வேண்டும்: முன்பணம் எவ்வளவு? கழித்தது எவ்வளவு? விரும்பினால் நாளையே ஊர் திரும்ப இயலுமா? பெண்ணின் கூலி அவர் பெயரில் எழுதப்படுகிறதா? பிள்ளை எந்தப் பள்ளியில் பயில்கிறது?

நமக்கும் இதில் பங்குண்டு. கல் அறுக்கும் சிறுவரைக் கண்டால் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கு உடனே தெரிவிப்போம். வீடு கட்டக் கல் வாங்குமுன், அது எந்தச் சூளையிலிருந்து வருகிறது, அங்கே கூலி எவ்வாறு கொடுக்கப்படுகிறது எனக் கேட்போம்.