வாளிக்குள் வந்த நட்சத்திர ஆமை

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலையில் அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் வாளியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, கரட்டை ஒட்டி அக்கா வீட்டுத் தோட்டம் இருக்கிறது. வாளியின் மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தான். துண்டை விலக்கினால் உள்ளே ஒரு நட்சத்திர ஆமை, தலையையும் கால்களையும் இழுத்துக்கொண்டு, மஞ்சளில் கோலம் போட்ட கருங்கல்லைப்போலக் கிடந்தது. வேலியோரப் புல்லுக்குள் நின்றதாம்.

“மாமா, இத நாம வளத்தலாமுங்களா?”

வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. தினமும் தீனி போடுவேன், நாய் கடிக்காமல் பார்த்துக்கொள்வேன், ரோட்டில் வண்டி ஏறாது, அப்படியிருக்கக் காட்டைவிட நம் வீடு நல்லதுதானே என்றான். பன்னிரண்டு வயதுப் பையனிடம் சட்டத்தை மட்டும் சொன்னால் பயம்தான் வரும். அதனால் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, வனக்காப்பாளர் வரும்வரை அவனோடு உட்கார்ந்து பேசினேன். அன்று பேசியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓட்டைப் பார்க்கச் சொன்னேன். நத்தை கூட்டைச் சுமப்பதுபோல ஆமையும் ஒரு வீட்டைச் சுமக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ஆமையின் எலும்புக்கூடு. விலா எலும்புகள் அகன்று, தட்டையாகி, முதுகெலும்போடு சேர்ந்து மேலோடாக இறுகியிருக்கின்றன. அதன்மேல், நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினில் ஆன தகடுகள் பதிந்திருக்கின்றன. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு உள்ளே இருக்கிறது. நம் உடம்பில் அது வெளியே, முதுகுப் பக்கம். விலா அசையாததால் ஆமையால் மார்பை விரித்து மூச்சு வாங்க முடியாது. வயிற்றுத் தசைகளும் கால்களை ஒட்டிய தசைகளும்தான் நுரையீரலை அமுக்கியும் தளர்த்தியும் மூச்சை நடத்துகின்றன. ஓட்டின் விளிம்பில் துளை போட்டுக் கயிறு கட்டி வைக்கும் வழக்கம் உண்டு. அது எலும்பில் துளை போடுவது. ஓட்டில் இரத்தம் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது. வலிக்கும்.

ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒரு மஞ்சள் பொட்டு. அதிலிருந்து கதிர்போலக் கோடுகள் விரிகின்றன. கையில் வைத்துப் பார்த்தால் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்க வேண்டிய பொருளாகத் தெரியும், இந்த இனத்தின் கேடே அந்த அழகுதான். காய்ந்த புல்லுக்குள் வைத்துப் பாருங்கள். புல்லின் இடுக்கில் விழும் வெயில் கோடுகளும் ஓட்டின் கோடுகளும் ஒன்றாகிவிடும். உருண்டையான உருவம் கண்ணுக்கு உடைந்து போகும்.

ஓட்டின் வடிவத்தைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும், அடியில் களிமண் கனம் இருப்பதால். கனமே வைக்காமல், உள்ளெல்லாம் ஒரே அடர்த்தியாக, எங்கும் குழிவில்லாமல், வடிவத்தால் மட்டுமே தானாக நிமிரும் பொருள் ஒன்று இருக்க முடியுமா? ரஷ்யக் கணித மேதை விளாதிமிர் அர்னால்ட் 1995-இல் இருக்க முடியும் என்று ஊகித்தார். ஹங்கேரியின் காபோர் டோமோகோஷும் பீட்டர் வார்கோன்யியும் 2006-இல் அதைச் செய்தே காட்டினார்கள். கோம்போட்ஸ் என்று பெயர். அதற்கு முன் கூழாங்கற்களில் அப்படி ஒன்று அகப்படுமா என்று கடற்கரையில் தேடியும் பார்த்திருந்தார்கள், அகப்படவில்லை. செய்து முடித்த பொருளைப் பார்த்தபோது அது ஆமையை நினைவூட்டியது. பிறகு பல இன ஆமைகளின் ஓடுகளை அளந்து 2008-இல் எழுதினார்கள். அந்த வடிவத்தை மிகவும் நெருங்கி வந்தவற்றுள் ஒன்று நம் நட்சத்திர ஆமை. தட்டையான ஓடுள்ள நீராமைகள் மல்லாந்தால் நீண்ட கழுத்தை ஊன்றிப் புரண்டுகொள்ளும். நட்சத்திர ஆமைக்குக் கழுத்தும் கால்களும் குட்டை. உயர்ந்த கும்மட்டம் உருண்டுதான் பாதி வேலையைச் செய்துகொடுக்கிறது, மீதிக்குக் காலைக் கொஞ்சம் உதைத்தால் போதும். கணித அறிஞர்கள் பத்தாண்டு தேடிய வடிவம் எங்கள் வேலியோரத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்தது என்று சொன்னபோது பையனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆமையைப் பிடித்து வைக்கக் கூடாது என்பதற்கு அது ஒரு காரணம் ஆகாதுதான். ஆனால் எதைக் கையில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தபின் தூக்குகிற கை கொஞ்சம் மெதுவாகிறது.

இதன் நாடு முள்காடும் வறண்ட புல்வெளியும். வடமேற்கே ராஜஸ்தான், குஜராத், எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் ஒரு பகுதி. தெற்கே ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு, எங்கள் ஊரிலிருந்து மறையூர் போகும் வழியில் இருக்கிற கேரளத்துச் சின்னார் சரணாலயம். கடலுக்கு அப்பால் இலங்கையின் உலர் வலயம். கோடையில் விடியலிலும் அந்தியிலும் மட்டும் வெளியே வரும். வெயில் முற்றினால் புதருக்கடியில் ஒடுங்கிக் கிடக்கும். மழை விழுந்தால் துள்ளிவிடும் என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் ஆண்டு அப்போதுதான் தொடங்குகிறது. துளிர்ப் புல், கீரை, பூ, உதிர்ந்த பழம், சப்பாத்திக்கள்ளி என்று மேயும். இணை தேடும், முட்டையிட இடம் பார்க்கும்.

வீட்டில் வைத்தால் இதில் என்ன மிஞ்சும்? நான் பார்த்த ஒரு வீட்டில் ஆமையை மொசைக் தரையில் விட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள், பாசத்துக்குக் குறைவில்லை. சோறு, வெள்ளரி, தக்காளி, சில நாள் பாலில் ஊறிய பிரெட் வைப்பார்கள். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது ஓட்டின் தகடுகள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கூம்பாக எழும்பியிருந்தன, விளிம்பு மேல்நோக்கி வளைந்திருந்தது. பின்னங்காலைத் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்க அதால் முடியவில்லை. இழுத்துக்கொண்டு போனது.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேர வைட்டமின் டி வேண்டும். அதை ஆமை தன் தோலில் படும் வெயிலின் புற ஊதாக் கதிரைக்கொண்டே பெரும்பாலும் தயாரிக்கிறது. சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை வடிகட்டிவிடும், ஆகவே கூடத்துக்குள் விழும் வெயில் கண்ணுக்குத்தான் வெயில். வெயிலும் இல்லை, தீனியிலும் சுண்ணாம்பு இல்லை என்றால் உடம்பு எலும்பிலிருந்தே அதை எடுக்கத் தொடங்கும். ஆமைக்கோ ஓடே எலும்பு. நார் மிகுந்த புல்லைச் செரிக்கப் பழகிய குடலுக்குச் சோறும் பாலும் ஒத்துவராது. தகடுகள் கூம்புவதற்கு அதிகப் புரதம்தான் காரணம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், வறண்ட காற்றில் வளர்ந்தவைதான் அதிகம் கூம்பின, புரதத்தின் பங்கு சிறிதாகவே இருந்தது. காட்டில் குஞ்சுகள் ஈரம் தங்கிய புதரடியில் ஒளிந்து கிடக்கின்றன. மின்விசிறிக்குக் கீழே அந்த ஈரத்துக்கு எங்கே போவது? குளிர்ந்த தரையில் கிடந்து கிடந்து சளி பிடித்து நுரையீரல் கெடுவதும் உண்டு. இருமத் தெரியாத உடம்பு என்பதால், மூக்கில் குமிழி வரும்போதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரியவரும்.

என்னை மிகவும் உறுத்துவது இதுதான். நாய் குரைக்கும், பூனை கத்தும், கிளி இறகைப் பிய்த்துக்கொள்ளும். ஆமை கத்தாது. பட்டினி கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மெதுவாக வாழ்கிற விலங்கு மெதுவாகவே சாகிறது. அதைப் பார்த்துவிட்டு “எங்க வீட்ல நல்லாத்தான் இருக்கு” என்று மனதார நம்புகிறோம்.

சரி, எல்லாம் தெரிந்தவர், தோட்டமும் வெயிலும் புல்லும் உள்ளவர் வளர்த்தால்? அந்த ஓர் ஆமை பிழைக்கலாம். காட்டில் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெண் ஆமை பின்னங்காலால் குழி தோண்டும். மண் கெட்டியாக இருந்தால் தன் சிறுநீரையே விட்டு இளக்கிக்கொள்ளும். ஒரு தடவைக்கு இரண்டிலிருந்து பத்து முட்டை வரை. குஞ்சு வெளிவர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். மண்ணின் சூடுதான் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது, சூடு கூடினால் பெண். அதற்குள் உடும்பும் கீரியும் முட்டையைத் தோண்டித் தின்றுவிடும். வெளிவந்த குஞ்சின் ஓடு மென்மையானது, காக்கை கொத்தினாலே உடையும். பெரும்பாலானவை தேறுவதில்லை. இந்த இழப்பையெல்லாம் ஈடுகட்டுவது ஒன்றே ஒன்று: தேறிய பெண் ஆமை பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து மழைக்கு மழை முட்டையிடுவது. அந்த ஒன்றை வாளியில் போட்டுத் தூக்கி வந்துவிட்டால், வீட்டில் அது நூறாண்டு வாழ்ந்தாலும் கரட்டுக்கு அது செத்த ஆமைதான்.

எல்லோரும் ஒன்று எடுத்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை, அது நடந்துகொண்டிருக்கிறது. ஆந்திர–கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரே ஒரு வட்டாரத்திலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கால்கள் வெளியே வராதபடி பிளாஸ்டிக் டேப் சுற்றி, பெட்டியில் துணிகளுக்கு நடுவே அடுக்கி விமானத்தில் ஏற்றுகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தியைப் படிக்காத ஆண்டு இல்லை. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் மாநாடு 2019-இல் ஜெனிவாவில் கூடியபோது இந்த இனத்தின் பன்னாட்டு வணிகத்தை அறவே தடுக்கும் முதல் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்காம் பட்டியலில் இருந்ததை, 2022 திருத்தம் புலியும் யானையும் இருக்கும் முதல் பட்டியலுக்கு உயர்த்தியது. பிடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். இலங்கையிலும் இது சட்டம் காக்கும் விலங்கு.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொல்லி வந்தவர்கள் நாம். மூலத்தில் அது ஆமை இல்லை, ஆம்பி, அதாவது ஈரம் ஏறிய சுவரில் பூக்கும் காளான் என்றும் சொல்வார்கள். இன்று அதே ஊரில் வாஸ்துவுக்கு நல்லது, காசு சேரும் என்று உயிருள்ள ஆமையைத் தேடுகிறார்கள். மீன்தொட்டிக் கடைகளில் காதோரம் சிவப்புப் பட்டையுடன் ஐந்து ரூபாய்க் காசளவு விற்கும் பச்சைக் குஞ்சு மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தது. அது சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததும் கோயில் தெப்பக்குளத்தில் விட்டுவிடுகிறார்கள், அங்கே அது நம் நாட்டு நீராமைகளோடு தீனிக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டியிடுகிறது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஆமைகளின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். அதனால்தான் அமெரிக்கா 1975-லேயே 4 அங்குலத்துக்கும் சிறிய ஆமைகளை விற்பதைத் தடை செய்தது.

“கொஞ்ச நாள் வெச்சிருந்துட்டுக் காட்டுல விட்டரலாமுங்களா?” என்று பையன் கடைசியாகக் கேட்டான். கேட்பதற்கு எளிது. வீட்டில் இருந்த ஆமை வீட்டு நோயைக் காட்டுக்குக் கொண்டுபோகும். அமெரிக்காவின் மொகாவி பாலைவனத்தில் பாலை ஆமைகள் மூச்சுக்குழாய் நோயில் விழுந்தபோது, வளர்த்துவிட்டுத் திரும்ப விடப்பட்ட ஆமைகள் மேல்தான் சந்தேகம் போனது. அங்கே அந்த இனம் 1990-இல் அழியும் அபாயத்தில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. இன்னொரு சிக்கல், எங்கே கொண்டுபோய் விடுவது? வடமேற்கு ஆமையும் தென்னாட்டு ஆமையும் மரபணுவில் வேறுபட்டவை. சிங்கப்பூரில் பிடிபட்டுத் திரும்பி வந்த ஆமைகள் எந்த மண்ணைச் சேர்ந்தவை என்று அறிய ஹைதராபாத் விஞ்ஞானிகள் டி.என்.ஏ. ஆய்வே நடத்தி 2006-இல் வெளியிட்டார்கள். ஊர் தெரியாமல் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. ஆகவே மீட்கப்பட்ட எத்தனையோ ஆமைகள் மறுவாழ்வு மையங்களிலேயே காத்துக் கிடக்கின்றன. எடுத்த இடம் தெரிந்து, எடுத்த அன்றே திரும்பக் கொண்டுபோக முடிகிற ஆமைதான் அதிர்ஷ்டமுள்ளது.

எங்கள் வாளி ஆமைக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது. வனக்காப்பாளர் பைக்கில் வந்தார். ஆமையை இரு கையாலும் பிடித்துச் சற்றே சாய்த்து அடியோட்டைப் பார்த்தார். ஆணுக்கு அடியோடு குழிந்து, வால் நீண்டிருக்கும். இதற்குத் தட்டையாக, வால் குட்டையாக இருந்தது. “பொட்டைதானுங்க. முட்டை வெக்க எடம் பாத்துட்டு இருந்திருக்கும்” என்றார். வாளியின் அடியில் இரண்டு கை அளவு நீர் தேங்கியிருந்தது. பயத்தில் விட்ட சிறுநீர். வறண்ட நிலத்து ஆமைகளுக்கு அது கழிவு மட்டும் இல்லை, பையில் சேமித்து வைத்த தண்ணீர். இந்த மழைக்குக் குழி தோண்ட வைத்திருந்ததாகவும் இருக்கலாம். பையன் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தாம்பாளத்தில் விரற்கடை உயரம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வெகுநேரம் கழித்துத் தலை வெளியே வந்தது. கழுத்தை நீட்டிக் குடித்தது.

வேலியோரத்தில் எடுத்த இடத்தை அவனே காட்டினான். எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கமே முகம் இருக்கும்படி வைக்கச் சொன்னார் வனக்காப்பாளர். ரோட்டைக் கடக்கும் ஆமையைக் கண்டாலும் அப்படித்தானாம், அது போகிற திசையில் ஓரமாக எடுத்து வைக்க வேண்டும், வந்த பக்கம் திருப்பி விட்டால் மறுபடியும் ரோட்டில் ஏறும். நாங்கள் பத்தடி பின்னால் போய் நின்றோம். கால் மணி நேரம் அது அசையவே இல்லை. பிறகு முன்னங்கால் ஒன்று வெளியே வந்தது, அப்புறம் இன்னொன்று. உடம்பைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்தி, அவசரமில்லாமல் புல்லுக்குள் நடந்தது.

“போயிருச்சுங்களா மாமா?”

போகவில்லை, அங்கேதான் எங்கோ இருந்தது. மஞ்சள் கோடுகளில் எது ஆமை, எது புல் என்று எனக்கும் தெரியவில்லை.